பழைய பஜேரோ: பற்றரியில் 13.8, டாஷ்போர்ட் வோல்ற்மீற்றரில் 11

வெள்ளவத்தை88:
1988 பஜேரோ, டீசல். டாஷ்போர்டுக்கு மேலே இருக்கிற வோல்ற்மீற்றர் குறைச்சுக் காட்டுது. எஞ்சின் ஓட, புளோவரும் வைப்பரும் போட்டபடி பற்றரி முனையில் மல்டிமீற்றர் 13.8, டாஷ்போர்டில் 11. சிக்னல் போட்டால் முள்ளும் சேர்ந்து ஆடுது. கராஜில் அல்டர்நேற்றரை (எஞ்சின் ஓட பற்றரிக்குச் சார்ஜ் ஏத்திற மெஷின்) மாத்தச் சொல்லினம். மாத்தலாமா?

வயரிங் பெட்டி:
மாத்தாதேங்கோ. அந்த லோடிலும் பற்றரிக்கு 13.8 வந்தால் அல்டர்நேற்றரில் பிழையில்லை. ஆனால் மல்டிமீற்றருக்குள் இருக்கிற 9 வோல்ற் பற்றரி புதுசுதானா? அது இறங்கினால் மலிவு மல்டிமீற்றர்கள் கூட்டிக் காட்டும்.

டாஷ்போர்ட் மீற்றர் தன்னட்டை வந்து சேர்ற வோல்ற்றைத்தான் காட்டும். வழியில் தொலையிறதை இப்படிப் பிடியுங்கோ: மல்டிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வையுங்கோ, எஞ்சின் ஓட, அதே லோட். சிவப்பு முனை பற்றரி பிளஸ்ஸில், கறுப்பு முனை டாஷ்போர்ட் மீற்றரின் பிளஸ் முனையில். பிறகு அதே மீற்றரின் எர்த் (மைனஸ்) முனைக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில். பிளஸ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.1, இதற்கு மேல் வந்தால் அந்தப் பக்கம் பிழை.

வெள்ளவத்தை88:
பிளஸ் பக்கம் 2.1, எர்த் 0.7.

வயரிங் பெட்டி:
கூட்டினால் 2.8. 13.8-இல் கழியுங்கோ, சரியா 11. மீற்றரில் குறையே இல்லை.

எர்த்திலிருந்து தொடங்குங்கோ. பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் வாகனத்தின் பொடித் தகட்டில் பூட்டின எர்த் வளையத்தை எடுங்கோ. கடற்கரைப் பக்கம் ஓடுற வாகனமெண்டால் பச்சை பூத்திருக்கும். வளையத்தையும் தகட்டையும் இரும்பு மினுங்கும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, பல்லு வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கோ.

பிளஸ் பக்கத்துக்கு 4 கால், 12 வோல்ற், 30 அம்பியர் ரிலே (கரண்டால் இயங்கிற சுவிட்ச்) ஒன்று. பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரிலேயின் கால்களில் எண் இருக்கும்: மீற்றருக்குப் போன பழைய இக்னிஷன் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பற்றரி பிளஸ்ஸிலிருந்து புது வயர் 30-க்கு; பற்றரிக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ். 87 மீற்றருக்கு. ரிலே இல்லாமல் நேரே பற்றரியில் கொடுத்தால் நிற்பாட்டின வாகனத்திலும் மீற்றர் கரண்ட் குடிக்கும். 0.1 அம்பியரே எடுத்தாலும் ஒரு நாளைக்கு 2.4 அம்பியர் மணி.

பழைய ஸ்பானர்:
ரிலே முள்ளைச் சரியாக்கும், ஆனால் அந்த 2.1 வோல்ற் அங்கேயேதான் எரியும். இக்னிஷன் சுவிட்ச் வழியாக 10 அம்பியர் போகிறது என்று வையுங்கள்: 21 வோட், சின்ன சோல்டரிங் அயன் அளவு சூடு. 10 நிமிடம் ஓடவிட்டு சுவிட்சின் பின் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ சுவிட்சின் மின்பகுதியையும் கனெக்டரையும் மாற்றியே ஆக வேண்டும். பியூஸ் பெட்டியின் கிளிப்புகள் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இவற்றைச் சரிசெய்தபின் திரும்ப அளந்தால் பெரும்பாலும் ரிலேயே தேவைப்படாது.

மருதானை டீசல்:
என்னுடையது பழைய இங்கிலாந்துக் கார். முள் எப்போதும் 10-இல், அசைவதே இல்லை. இதுவும் எர்த்தா?

பழைய ஸ்பானர்:
இல்லை. பெற்றோல், வெப்ப மீற்றர்களுக்கான 10 வோல்ற் ஸ்டபிலைசரிலிருந்து (வோல்ற்றை 10-இல் நிலையாக வைக்கும் கருவி) வெளியேறும் வயரில் யாரோ வோல்ற்மீற்றரைக் கோர்த்திருப்பார்கள். ஸ்டபிலைசருக்கு உள்ளே போகும் வயரிலிருந்து எடுங்கள்.