கேப்பு வெடிக்குது, மருந்து பத்த மாட்டீங்குது: எம்.எல். (கொழாய் வாய் வழியா மருந்து கெட்டிக்கற) துப்பாக்கிக்கு சாமான் எங்கீங்க கெடைக்கும்?

அந்தியூர் தோட்டத்தான்:
அண்ணங்களுக்கு வணக்கமுங்க. அப்பாரு காலத்து கட்டைத் துப்பாக்கி, லைசென்சு இப்ப என் பேருக்கு மாத்தியாச்சு. எலெக்சனுக்கு ஸ்டேசன்ல ஒப்படைச்சு திரும்ப வாங்கியாந்ததுல இருந்து மருந்தப் பத்த வைக்கற கேப்பு டப்புனு வெடிக்குது ஆனா உள்ள மருந்து பத்தவே மாட்டீங்குது, சரி புதுசு வாங்கலாம்னு பாத்தா வழக்கமா வாங்குற கடைய மூடிட்டாங்க, கேப்பும் தீரப்போகுது. மக்காச்சோளம் கருது புடிக்கிற நேரம், ராத்திரியானா பன்னி எறங்குது, சத்தத்துக்காச்சும் வேணுமுங்க. பட்டாசு மருந்து போட்டா ஆகுங்களா?

பவானிக்காரன்:
அய்யோ வேண்டாம் தம்பி. அதுல அலுமினியப் பொடி கலந்திருக்கும், எரியற வேகமே வேற, கொழாய் கிழிஞ்சு கையோட போயிரும். தோட்டாவ ஒடச்சு எடுக்கற மருந்தும் ஆகாது. அப்பறம், சத்தத்தோட நிறுத்திக்கோங்க, பாரஸ்ட்காரங்க அனுமதி இல்லாம பன்னிய சுட்டா கேஸுதான்.

கோபி மாமா:
மருந்து மேல பழி போடாதீங்க கண்ணு. ஒப்படைக்கறப்ப துருப்புடிக்காம இருக்கோணும்னு எண்ணெய் விட்டிருப்பீங்க, அங்க வாயி மேல பாக்க சாத்தி வச்சிருப்பாங்க, எண்ணெய் பூரா கீழ எறங்கி, கேப்பு மாட்டற நிப்பிள் ஓட்டைல நின்னுருக்கும். மொதல்ல மருந்து இடிக்கற கெச்சக்கோல உள்ள விட்டு, அப்பறம் கொழாய்க்கு வெளிய வச்சு அளந்து பாருங்க, பழைய மருந்து உள்ள கெடந்தா கோல் முழுசா எறங்காது, அப்ப எதையும் கழட்டவே வேண்டாம், துப்பாக்கி ரிப்பேர்காரர்ட்ட போயிருங்க. காலியா இருந்தா நிப்பிளக் கழட்டி கொதிதண்ணி ஊத்திக் கழுவி நல்லா காய வைங்க. இதுக்குப் போடற கரிமருந்தோட கசடு உப்பு, காத்து ஈரத்த இழுத்துக்கும், தண்ணிலதான் கரையும், வெறும் எண்ணெய்த்துணிக்கு மசியாது. அப்பறம் காலித் துப்பாக்கில கேப்பு மட்டும் மாட்டி வாய புல்லுக்குப் பக்கத்துல காட்டி அடிங்க. புல்லு ஆடுச்சுன்னா வழி சுத்தம்.

சேலத்து ராசு:
சாமானுக்கு லைசென்சு உள்ள துப்பாக்கிக் கடைதான் வழி, கலெக்டர் ஆபீஸ் ஆயுத லைசென்சு பிரிவுல கேட்டா எந்தக் கடை ஓடுதுன்னு சொல்லுவாங்க. எல்லாக் கடையிலயும் மருந்து இருப்பு இருக்காது, போன் போட்டுட்டு போங்க. ஒரிஜினல் லைசென்சு புக்கு வேணும், வருசத்துக்கு எவ்வளவு ஒரு நேரத்துல எவ்வளவுன்னு அதுலயே போட்டிருக்கும். கேப்புல 10, 11னு சைஸ் இருக்கு, கழட்டுன நிப்பிளயே கொண்டு போய் மாட்டிப் பாத்து வாங்குங்க.

அந்தியூர் தோட்டத்தான்:
மாமா சொன்னாப்புடியே எண்ணெய்தானுங்க, கரேர்னு கூழா வந்துச்சு. இப்ப புல்லு ஆடுது. மருந்து மேல அடைக்கறதுக்கு தேங்கா நாரே போதுங்களா?

கோபி மாமா:
போதும், ஆனா அது கனிஞ்சுட்டேதான் வெளிய விழும். காஞ்ச சோளத்தட்டுப் பக்கம் அடிக்காதீங்க.