1970களின் டிம்பர் ஃபிரேம் டெரஸ் வீடு: வாங்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி
இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் ஒரு டெரஸ் வீடு (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது), வரிசையின் நடுவில் இருப்பது. நாங்கள் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெளியே செங்கல், ஆனால் ஈபிசி எனும் ஆற்றல் திறன் சான்றிதழில் சுவர் டிம்பர் ஃபிரேம், அதாவது மரச்சட்டகம் என்று இருக்கிறது. மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) கிடைக்குமா? உள்ளே மரம் இற்றுப்போயிருந்தால் எப்படித் தெரியும்? வெளிச்சுவரில் கலவை அடைத்த சிறு வட்டங்கள் வரிசையாகத் தெரிகின்றன, அவை என்ன?

பதில் 1
முதலில் அந்த வட்டங்கள். தரையை ஒட்டி ஒரே வரிசையில் மட்டும் இருந்தால், ஈரம் ஏறாமலிருக்க ரசாயனம் செலுத்திய துளைகளாக இருக்கலாம். பத்து பென்ஸ் நாணய அளவில் சுவர் முழுக்கப் பரவியிருந்தால், சுவரின் உள் இடைவெளிக்குள் இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்) ஊதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

இந்த வகை வீட்டில் பாரம் தாங்குவது செங்கல் அல்ல. உள்ளே சுமார் 89 மி.மீ. ஆழமுள்ள மரச்சட்டங்கள், அவற்றின் வெளிப்புறம் பிளைவுட், அதன்மேல் ஒரு தாள், பிறகு ஏறத்தாழ 50 மி.மீ. வெற்றிடம், அதற்கப்புறம்தான் செங்கல். மழை செங்கலை ஊடுருவத்தான் செய்யும். அந்த நீர் செங்கலின் உட்புறமாக வழிந்து இறங்கவும், மரம் காற்றாடி உலரவும்தான் வெற்றிடம். அதை அடைத்துவிட்டால் ஈரம் பிளைவுட்டுக்குத் தாவும், அடிச்சட்டம் இறும். இன்சுலேஷன் இருக்க வேண்டிய இடம் சட்டங்களுக்கு நடுவில். எப்போது, யார் ஊதினார்கள், உத்தரவாதப் பத்திரம் உண்டா என்று சொலிசிட்டர் (வழக்கறிஞர்) வழியாகக் கேளுங்கள். உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு ஒரு துளையில் கேமரா விட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள்.

பதில் 2
சர்வே (வீட்டின் நிலையை நிபுணர் ஆராய்வது) எடுத்தால் லெவல் 3, அதாவது மிக விரிவான வகையை எடுங்கள். அதிலும் சுவரைத் திறக்க மாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். டேம்ப் மீட்டர் (ஈரம் அளக்கும் கருவி) காட்டும் விழுக்காடு மரத்தில் குத்தினால்தான் பொருள்படும். பிளாஸ்டர்போர்டில் குத்தினால் ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடலாம், அவ்வளவே. மரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். ஷவர் மூலை, ஜன்னலின் கீழ்மூலைகள், பின்கதவு நிலையடி ஆகிய மூன்றும் முதலில் கெடும் இடங்கள்.

வெளியே தரைமட்டம் டிபிசிக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் படலம்) குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பிற்காலத்தில் போட்ட பேவிங்கும் டெக்கிங்கும் இதைத்தான் விழுங்கிவிடுகின்றன.

பதில் 3
கூரையடியிலுள்ள லாஃப்டுக்குள் ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நடு வீடென்றால் இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். தீ பரவாமல் தடுக்கும் பிளாஸ்டர்போர்டு, ஓடுகளின் அடிப்பக்கம்வரை இடைவெளியில்லாமல் ஏறியிருக்க வேண்டும். உச்சியிலும் இறவாணத்திலும் சந்து விட்டிருப்பார்கள், கேபிளுக்குத் துளை போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அந்தச் சுவரில் அறைப்பக்கம் சாக்கெட் பெட்டி வெட்டிப் பதித்திருந்தாலும் குறைதான்.

மார்ட்கேஜ்: வெளியே முழுக்கச் செங்கல் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மேல்தளத்தில் ஓடு தொங்கவிட்டோ பலகை அடித்தோ இருந்தால் சில வங்கிகள் தயங்கும். கூரையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம் அடித்திருந்தால் பல வங்கிகள் மறுத்துவிடும். சர்வேக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மார்ட்கேஜ் புரோக்கரிடம் இதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். காப்பீட்டிலும் டிம்பர் ஃபிரேம் என்றே அறிவியுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது மறுக்க இடமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரை எடுக்கலாமா?

பதில் 1
மெல்லியது என்பதால் பாரம் தாங்கவில்லை என்று எண்ண வேண்டாம். வீடு பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பதே அந்தச் சுவராக இருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கும் பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிகளைக் கண்காணிக்கும் அமைப்பு) அனுமதியும் கைக்கு வந்த பிறகே தொடுங்கள்.