ஆடு அடிபட்டால் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா?

கிடைக்காரர் மகன், மூன்றடைப்பு:
“சாலையில் ஆடோ நாயோ அடிபட்டால் ஓட்டுநருக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் இல்லை” என்று வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி, விபத்தில் மனிதர் காயமடைந்தாலும் பிறர் சொத்து சேதமடைந்தாலும், அங்கே காவலர் இல்லையென்றால், ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கள் கிடை ஆடுகள் எங்கள் சொத்து.

வேன் ஓட்டுநர், நாங்குநேரி:
அண்ணாச்சி, அந்தப் பிரிவில் ஆட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான்குவழிச் சாலையில் இரவில் மாடு குறுக்கே வந்தால், பின்னால் வரும் லாரியை நினைத்து பிரேக் போடவே நடுங்க வேண்டியிருக்கிறது. மாட்டை அவிழ்த்து விட்டவரை முதலில் கேளுங்கள்.

கிடைக்காரர் மகன்:
மாட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா?

பாளையங்கோட்டை வாசகி:
உணவு கொண்டுசென்ற மாணவரின் இருசக்கர வாகனத்தில் தெருநாய் அடிபட்டு இறந்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. அஜாக்கிரதையாக ஓட்டுவதற்கான குற்றப் பிரிவு மனித உயிருக்கு நேரும் ஆபத்தைக் குறித்தது என்பதே அதன் விளக்கம். ஆனால் வேண்டுமென்றே விலங்கைக் கொன்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வேன் ஓட்டுநர்:
அக்கா சொன்ன பிறகும் என்ன விவாதம்? நீதிமன்றமே தீர்த்துவிட்டது.

கிடைக்காரர் மகன்:
அது உரிமையாளர் இல்லாத தெருநாய். அதுவும் குற்ற வழக்கு. எங்கள் ஆட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், சொத்துச் சேதத்துக்கு இழப்பீடு கேட்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் இருக்கிறது. நின்று, பெயரைச் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போகும் கடமையை எந்தத் தீர்ப்பும் நீக்கவில்லை.

வேன் ஓட்டுநர்:
ஒரு முறை நின்றதற்குத்தான் உங்கள் பக்கத்து ஆட்கள் வேனைச் சூழ்ந்துகொண்டு, ஒரு குட்டிக்கு மூன்று கிடாயின் விலையை வாங்கிக்கொண்டு விட்டார்கள். இனி யார் நிற்பார்கள்?

கிடைக்காரர் மகன்:
முந்தைய வண்டிகள் நிற்காமல் போனதால் வந்த கோபம் அது. நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கவே வேண்டாம்.

வேன் ஓட்டுநர்:
வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், பிறகு சட்டம் பேசலாம்.

கிடைக்காரர் மகன்:
134ஆவது பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள். 24 மணி நேரம் என்றுதான் அதில் இருக்கிறது.