அம்மாவுக்கு நாலு மாதமாக இரும்பு டானிக், ரத்தம் ஏறவில்லை; இப்போது காலும் மரத்துப் போகிறது

அம்மாபேட்டை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். கேள்வி அம்மாவைப் பற்றியது, கொஞ்சம் என்னைப் பற்றியதும். எதைச் சொல்லலாம் எதை விடலாம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 59 வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பிடுகிறார். அப்பா போனதிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை, அது ஆறு வருடம் ஆகிறது. பாலையும் சர்க்கரைக்குப் பயந்து குறைத்துவிட்டார். காலையில் ராகிக் கூழ், மதியம் ரசம் சோறு, ராத்திரி இரண்டு தோசை. இவ்வளவுதான் சாப்பாடு.

பொங்கல் சமயத்தில் முகம் வெளுத்துப்போய், அந்த வெளுப்பின் மேலேயே லேசாக மஞ்சள் தட்டியது. காமாலை என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் மூன்று நாள் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியம் வைத்தோம். குறையவில்லை. அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.1. தெருவில் ஒரு மருந்துக் கடையில் ரிப்போர்ட்டைக் காட்டினேன், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். நாலு மாதம் ஒரு நாள் விடாமல் கொடுத்தேன். போன வாரம் மறுபடி பார்த்தால் 7.6.

ரத்தம் குறைந்ததைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது அம்மாவின் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமனேயும் இருபது அடி வந்துவிட்டார், வெயில் கொதிக்கிற தார் ரோட்டில். வீட்டில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறார். சர்க்கரை இருந்தால் கால் மரக்கும் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நாக்கு எரிகிறது, ரசம்கூடக் காரமாக இருக்கிறது என்கிறார்.

இனி என் கதை. எனக்கு 36. கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, முடி கொத்தாக வருகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அரிசி களையும்போது ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போடாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஹீமோகுளோபின் 9.2. அம்மாவுக்கு வாங்கிய டானிக்கையே நானும் குடிக்கலாமா?

சூரமங்கலத்துக்காரர்:

சகோதரி, என் மனைவிக்கு இப்படித்தான் இருந்தது. பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் தினமும் கொடுங்கள். நீங்கள் அசைவம் என்றால் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி நல்லெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் கேட்டது.

லேப் தம்பி:

அக்கா, நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிக்காத வரி. உங்கள் இருவருக்கும் அது எவ்வளவு என்று சொல்லுங்கள். அதுவரை டானிக்கை மாற்றிக் குடிக்க வேண்டாம்.

அம்மாபேட்டை மகள்:

தம்பி, அம்மாவுக்கு 114. எனக்கு 68. இரண்டுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

லேப் தம்பி:

அந்த இரண்டு எண்ணும் போதும் அக்கா, பாதி விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே சோகை இல்லை. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். உங்கள் அணுக்கள் சிறுத்துவிட்டன, அம்மாவுடையவை ஊதியிருக்கின்றன.

கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எனக்கு இந்த வித்தியாசம் ஒரு நிமிடத்தில் தெரியும். இரும்பு இல்லாத ரத்தத்தில் அணுக்கள் பொடிசாக, நடுவெல்லாம் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாகச் சாயம் பிடித்திருக்கும். வைட்டமின் பி12 இல்லாத ரத்தத்தில் அவை பெரிசாக முட்டை வடிவில் கிடக்கும். வெள்ளணுவின் கரு சாதாரணமாக மூன்று நாலு மடலாக இருக்கும், இதில் ஐந்து ஆறு மடலாகப் பிரிந்திருக்கும். அணு பிளந்து இரண்டாவதற்கு டி.என்.ஏ. தயாராக வேண்டும், பி12 இல்லாவிட்டால் அது தடைப்படும். அணு வளர்ந்துகொண்டே போகும், பிளக்காது. பாதி அணுக்கள் எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து வருகிற பிலிருபின்தான் அம்மா முகத்தில் தெரிகிற மஞ்சள். கல்லீரல் கெட்டுப்போய் வந்த காமாலையாக எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் சொல்வது மருத்துவம் ஆகாது. நாளைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பைக் காட்டும் பரிசோதனை. ஃபெரிட்டின் சரியாக இருந்தும் அணு சிறுத்தே இருந்தால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறு உண்டா என்று பார்க்கச் சொல்வார்கள், அதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், ஒரே ஆளுக்கு இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தால் சிறியதும் பெரியதும் கலந்து சராசரி 90 என்று அழகாக வந்து ஏமாற்றிவிடும்.

மலைக்காட்டு நர்ஸம்மா:

கண்ணு, நான் ஏற்காடு மலைக் கிராமங்களில் 22 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீ எழுதியதில் அந்தச் செருப்புச் சங்கதியைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

அம்மாவை உடனே கூட்டிப் போ. பி12 குறைந்தால் ரத்தம் மட்டும் போகாது. நரம்பைச் சுற்றி ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு உறை உண்டு, அது தேய்ந்துபோகும். முதலில் பாதம் மரக்கும், தரை பஞ்சு மாதிரி இருக்கும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சேதி போகாது, கண்ணால் பார்த்துத்தான் நிற்க முடியும். கண்ணை மூடினால் தள்ளாடுவது அதனால்தான். பி12 கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும். நரம்பு ரொம்ப நாள் காய்ந்து கிடந்தால் முழுசாகத் திரும்பாது. சர்க்கரையாலும் கால் மரக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை என்று சொல்லியே இதைக் கவனிக்காமல் விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுத்துவிடாதே, ரத்தம் கொஞ்சம் ஏறித் தேறியது போல இருக்கும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

ஏன் இப்போது வந்தது என்று நீ கேட்பாய். பி12 கீரை, காய், பருப்பு எதிலும் கிடையாது. கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் உண்டு. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். கல்லீரல் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும், அதனால் நிறுத்தின உடனே தெரியாது. உங்கள் அம்மா ஆறு வருடமாகச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். அதோடு மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி நீ. பச்சை அரிசி தின்கிறதைச் சொல்லக் கூச்சப்படாதே. அரிசி, சாம்பல், பல்பம், செங்கல் பொடி, ஐஸ் கட்டி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டில் மாமியார் திட்டுவார், வயிற்றில் பூச்சி என்பார். பல பேருக்கு அது இரும்பு இல்லாமல் வருகிற ஆசை, இரும்பு கொடுத்தால் தானாகப் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாலி குழாய் என்று ஒரு கண்ணாடிக் குழாய் கொடுப்பார்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, அமிலத்தில் விட்டால் காப்பித்தூள் நிறத்துக்கு மாறும். பக்கத்தில் இருக்கிற கண்ணாடிப் பட்டையின் நிறம் வருகிற வரைக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். நிறம் ஒத்துப்போன கோடுதான் ரத்த அளவு. நல்ல ரத்தம் என்றால் சொட்டு விட்டுக்கொண்டே இருப்போம். காப்பித் தோட்டத்துப் பெண்கள் சிலருக்கு நாலைந்து சொட்டிலேயே வெளுத்துவிடும். அதற்கு மேல் விடக் கை வராது எனக்கு. 6, 7 ரத்தத்தில் அந்தப் பெண்கள் பழம் பறிக்கும் பருவத்தில் நாளெல்லாம் சரிவில் நின்றிருப்பார்கள்.

அங்கே பாதி காரணம் மண்ணில் இருந்தது. கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக ஏறும், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரை கொடுக்காமல் இரும்பு கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இன்னொரு காரணம் வரக்காப்பி. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் டம்ளரில் காப்பி வந்துவிடும். காப்பியும் டீயும் சோற்றில் இருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. காப்பியை விடு என்றால் மலையில் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கொல்லையில் இருக்கிற ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பாட்டோடு தின்னுங்கள் என்பேன். அதைக் கேட்டார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த சிவப்பு மாத்திரையைக் கூரை இடுக்கிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறதே, பிள்ளையும் கறுப்பாகப் பிறக்குமோ என்று பயம். மலம் கறுப்பது மாத்திரையின் நிறம், பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீடு வீடாக உட்கார்ந்து சொன்னேன்.

மலைதான் இப்படி என்று நினைக்காதே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மாதவிலக்கு எப்படி? எத்தனை நாள், எத்தனை துணி? வாங்குவதை மட்டும் பார்த்தால் போதாது, போவதையும் பார்க்க வேண்டும்.

சூரமங்கலத்து ஐயா, சுவரொட்டியில் இரும்பு நிறைய உண்டு, நல்லது. மாதுளையும் பீட்ரூட்டும் நிறத்தைப் பார்த்து நாம் நம்புவது, அவற்றில் இரும்பு கொஞ்சம்தான்.

அம்மாபேட்டை மகள்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு பி12 98 இருந்தது. 200-க்கு மேல் இருக்க வேண்டுமாம். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, இப்போது வாரம் ஒன்று. நாக்கு எரிச்சல் பத்தே நாளில் போய்விட்டது. இப்போது ரத்தம் 10.8. முகத்தில் மஞ்சள் இல்லை. முட்டை வேண்டாம் என்கிறார், நான் வற்புறுத்தவில்லை, தயிர் இரண்டு வேளை சாப்பிடுகிறார். டாக்டர் ஊசியை விடக் கூடாது என்றார்.

எனக்கு ஃபெரிட்டின் 5. நர்ஸம்மா கேட்ட கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எட்டு நாள் போகிறது, அதில் நாலு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன், எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது, சாதாரண ஃபைப்ராய்டுதான் என்றார்கள், அதற்குத் தனியாக மருந்து. இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறேன், இரண்டும் சேரக் கூடாது என்பதால் கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். இரண்டாவது வாரமே அரிசி தின்கிற ஆசை நின்றுவிட்டது. இப்போது 11.9 வந்தாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நேற்று காலையில் அம்மா வாசல் தெளித்துவிட்டு ஈரத் தரையில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "தரை ஜில்லுன்னு இருக்குடி" என்றார். வலது காலில் மட்டும்தான் தெரிகிறது, விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன.

மலைக்காட்டு நர்ஸம்மா:

கண்ணு, அந்த ஜில்லைப் படித்து அழுதுவிட்டேன்.

நிறுத்தாதே. உங்கள் வீட்டில் சம்ப்பும் மேல் தொட்டியும் இருக்கும் இல்லையா, ஹீமோகுளோபின் மேல் தொட்டி, ஃபெரிட்டின் சம்ப். மேலே நிறைந்ததைப் பார்த்து மோட்டாரை நிறுத்தினால் கீழே காலியாகவே கிடக்கும், இரண்டு மாதவிலக்கில் பழையபடி ஆகிவிடும். 12-ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதமாவது போடச் சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அம்மா விரல்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வீட்டுக்குள்ளேயும் செருப்பு, பின்னால் வார் வைத்தது. தினமும் ராத்திரி நீயே அவர் உள்ளங்காலைத் தூக்கிப் பார். முள், கொப்புளம், வெடிப்பு எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரிய வேண்டும்.