பொருள்: த்ரோ, ஃபிளட் – கூர்கற்றை, விரிகற்றை என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

குகைக்குள் போகிறவர்களுக்கும் அங்கே படம் எடுக்கிறவர்களுக்கும் டார்ச் வாங்கத் தமிழில் கையேடு வருவது பெரிய மகிழ்ச்சி. உங்கள் சொற்பட்டியலில் பெரும்பாலானவை அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை. சிலவற்றை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன், முக்கியமாக இந்த வரியை:

> த்ரோ – எறியொளி. ஃபிளட் – வெள்ளொளி

த்ரோ என்பது அதிகம் விரியாமல் தூரம் பாயும் ஒளி, ஃபிளட் என்பது அகலமாகப் பரவும் ஒளி. வெள்ளொளி என்றால் யாரும் வெள்ளை ஒளி என்றுதான் படிப்பார்கள். டார்ச் அட்டையில் ஒளியின் நிறமும் தனியாகப் போட்டிருக்கும், வாங்குகிறவர் குழம்பிவிடுவார். எறியொளியும் சரிவரவில்லை. வெயில் எறிக்கிறது, நிலா எறிக்கிறது என்கிறோம்; அப்படிப் பார்த்தால் எல்லா ஒளியும் எறியொளிதான்.

ஒளிக்கற்றை பாடநூலிலேயே இருக்கும் சொல். அதிலிருந்து த்ரோவுக்குக் கூர்கற்றை, ஃபிளட்டுக்கு விரிகற்றை என்று எடுக்கலாம். குவிகற்றை வேண்டாம், அது ஒரு புள்ளியில் போய்ச் சேரும் கற்றைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தூரம் பாயும் டார்ச்சின் ஒளி எங்கும் போய்க் குவிவதில்லை, அதிகம் விரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். லூமென் மொத்த ஒளியின் அளவு. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டெலா. 10,000 கேண்டெலா உள்ள விளக்குக்கு அட்டையில் 200 மீட்டர் என்று இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு; அந்த 200 மீட்டரில் மிஞ்சுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். இந்தத் தூரத்துக்கு 'எட்டுதூரம்' என்று வைக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் என்று எல்லோரும் சொல்வதுதானே, விளக்கமே தேவைப்படாது.

எங்கள் மண்டபம் பக்கத்துக் கடலில் இரவு வள்ளத்திலிருந்து தொலைவில் மிதக்கும் வலைமிதவையைத் தேட கூர்கற்றை வேண்டும். குகையில் ஆழமான குழியையோ உயரமான கூரையையோ பார்க்கவும் அதுதான். படம் எடுக்க அது ஆகாது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்து, சுவர் முழுக்க டார்ச் அடித்துக்கொண்டே போகும்போது கூர்கற்றை பட்ட இடம் வெளுத்துப்போகும், சுற்றிலும் இருட்டாக நிற்கும். விரிகற்றைதான் பாறையை ஒரே சீராகக் காட்டும்.

அடுத்தது சிஆர்ஐ, அதாவது விளக்கு வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண். நிறங்காட்டு எண் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதியியலில் நிறங்காட்டி வேறு பொருளில் நிலைத்துவிட்டதால், நிறமெய்ம்மை எண் என்று வைக்கலாம். 100 என்றால் நிறம் மாறாமல் தெரியும். எங்கள் பாம்பன் பக்கம் விடிவதற்கு முன் மீன் எடுப்பவர்கள் செவுளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மலிவான எல்இடியில் சிவப்பு குறைவு. நல்ல மீனின் செவுள்கூடப் பழுப்பாகத் தெரியும். குகைச் சுவரில் படிந்த இரும்புச் செம்மைக்கும் இதே கதிதான். படத்துக்கு 90க்குக் குறையாத விளக்கு வேண்டும் என்று கையேட்டில் அழுத்தமாகவே எழுதுங்கள்.

தண்ணீரையும் அடியையும் தாங்கும் விளக்குக்கு நீங்கள் வைத்திருக்கும் 'முரட்டு விளக்கு' பற்றி: முரட்டு என்றால் பெரிய, கனமான விளக்கு என்ற எண்ணம் வருகிறது. எதைத் தாங்கும் என்று நேராகச் சொல்லிவிடலாமே. தண்ணீர் புகாமல் தாங்குவதற்கான தரக்குறி ஐபிஎக்ஸ்; ஐபிஎக்ஸ்7 என்றால் தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதற்கும் மேலே, ஆழம் எவ்வளவு என்பதைத் தயாரிப்பவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனை உப்பு அரிப்பைப் பார்ப்பதில்லை. கடலுக்குக் கொண்டுபோன விளக்கின் பின்மூடியைக் கழற்றினால் மரையில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருக்கும். மூடியை இறுக்கி வைத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். உப்பு அரிப்பைத் தாங்கும் விளக்குக்கு 'உப்புத்தாங்கி' என்று ஒரு சொல்லும் சேர்த்தால் கடற்கரைக்காரர்களுக்கும் கையேடு பயன்படும்.

குகைக்குப் போகிறவர் தனித்தனியாக 3 விளக்கு வைத்திருக்க வேண்டும் என்ற விதி உங்கள் வரைவில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் ஐயா. கூர்கற்றை, விரிகற்றை இரண்டுக்கும் மற்றவர்கள் கருத்து என்ன என்று பார்த்துவிட்டு அகரவரிசையில் சேர்ப்போம்.