நியூசிலாந்துல வேன் எடுத்து 3 வாரம் சர்ஃபிங், ரெண்டு தீவும் சுத்த முடியுமா?

உப்புக்காத்து:
வணக்கம் மக்களே. மார்ச்ல நானும் தங்கச்சியும் நியூசிலாந்து போறோம், ஆக்லாந்துல இறங்கி வேன் எடுத்து அதுலயே தூங்கி அதுலயே சமைச்சு 3 வாரம் சர்ஃப் பண்ணணும்னு பல வருஷ ஆசை. நான் 4 வருஷமா பண்றேன், அவளுக்கு இப்பதான் போர்டுல எழுந்து நிக்க வருது. ராக்லன், டாரனாக்கி, கிஸ்போர்ன், அப்புறம் ஃபெர்ரி ஏறி தெற்கு தீவுல கைகோரா, டனீடின்னு லிஸ்ட் போட்டுருக்கேன். முடியுமா? ராத்திரி பீச் ஓரமா எங்க வேணா வேனை நிறுத்தலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

கடல்பித்தன்:
முடியும், ஆனா பாதி நாள் ஸ்டியரிங் பிடிச்சுட்டே இருப்பீங்க. மேப்ல பக்கமா தெரியும், ரோடு பூரா வளைவு. வெலிங்டன்ல இருந்து பிக்டனுக்கு ஃபெர்ரியே மூணரை மணி நேரம், வேனோட ஏறினா காசும் ஜாஸ்தி. வடக்கு தீவு மட்டும் போங்க.

ராக்லன்ல மனு பே இடது பக்கமா உடையுற நீளமான அலை, உங்களுக்கு சொர்க்கம், ஆனா கீழ பாறை, தங்கச்சிய அங்க இறக்காதீங்க. அதே ஊர்ல ஙருனுயி பீச் மணல், அவங்களுக்கு அதுதான் சரி. அப்புறம் டாரனாக்கிக்கு குறைஞ்சது ஒரு வாரம் ஒதுக்குங்க, இத நான் அழுத்திச் சொல்வேன். நியூ பிளைமவுத்ல இருந்து ஹாவெரா வரைக்கும் 45ஆம் நம்பர் ரோடு, 105 கிலோமீட்டர்தான், எரிமலைய சுத்தி அரை வட்டமா போகும், அதனால கடற்கரை ஒவ்வொரு திசையையும் பாத்து திரும்பிட்டே இருக்கும். தெக்கு காத்து அடிச்சா நியூ பிளைமவுத் பக்கம் அலை கலையாம அழகா எழும், வடக்கு காத்துன்னா அதே ரோட்டுல இருக்கற ஒபுனாக்கே பக்கம். காலைல எழுந்து காத்து எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டு வண்டிய திருப்புனா போதும், வேன் ட்ரிப்புக்குன்னே செஞ்ச ஊர் மாதிரி இருக்கும்.

நீலவண்டி:
எங்க வேணா நிறுத்தலாம்ங்கறது தப்புங்க, நம்பிடாதீங்க. 2023ல சட்டத்த இறுக்கிட்டாங்க. வெளி வசதி இல்லாம வண்டிக்குள்ளயே தங்கலாம்னு சொல்ற செல்ஃப் கன்டெய்ண்ட் சர்டிஃபிகேட் வேணும்னா டாய்லெட் வண்டியிலயே பொருத்தியிருக்கணும், கட்டில விரிச்சு போட்டாலும் அத பயன்படுத்த முடியணும். வாடகை எடுக்கும்போது அந்த சர்டிஃபிகேட்டுக்கு அடையாளமான பச்சை வாரன்ட் அட்டை இருக்கான்னு கண்ணால பாருங்க. அது இருந்தாலும் சில பீச்ல தடைதான், அங்க வெச்சிருக்கற அறிவிப்பு பலகைய படிக்காம தூங்கினா 400 டாலர் வரைக்கும் ஃபைன் வரும். டிஓசி, அதாவது அரசாங்க இயற்கைப் பாதுகாப்புத் துறையோட கேம்ப்சைட் நிறைய இருக்கு, நான் முக்கால்வாசி ராத்திரி அதுலதான் தூங்கினேன், அலை சத்தம் கேட்டுட்டே. டீசல் வண்டின்னா கிலோமீட்டர் கணக்குல ரோடு சார்ஜ் தனியா வரும், முன்னாடியே கேட்டுக்கோங்க.

அலையரசி:
போர்டு, வெட்சூட்ட நல்லா கழுவி காயவெச்சு எடுத்துட்டு போங்க சிஸ், மண்ணோ மணலோ ஒட்டியிருந்தா ஏர்போர்ட்ல பிடிச்சுப்பாங்க, நாட்டுக்குள்ள நுழையும்போது குடுக்கற படிவத்துல மறைக்காம எழுதிடுங்க. மார்ச்ல வடக்கு தீவுக்கு 3/2 வெட்சூட் (உடம்புக்கு 3 மில்லிமீட்டர், கை காலுக்கு 2 மில்லிமீட்டர் தடிமன்) போதும். புயல் சீசன்ங்கறதால கிழக்கு பக்கம் கிஸ்போர்ன்லயும் பெரிய அலை வரலாம், கடைசி 4 நாள எதுக்கும் புக் பண்ணாம விடுங்க, எந்தக் கரை நல்லா இருக்கோ அங்க போயிடலாம்.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபெர்ரிய தூக்கிட்டேன், டாரனாக்கிக்கு 8 நாள். தங்கச்சி இப்பவே ஙருனுயி வீடியோ தேடிட்டு இருக்கா. பச்சை வாரன்ட் இருக்கற வேனா பாத்துட்டு ரேட் கேட்டு வந்து சொல்றேன்.