கொலைக் கதை படிக்கும் பிள்ளைகள்: நாங்கள் நேரில் பார்த்தவை

கிளை நூலகத் தன்னார்வலர், தாம்பரம்

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சிறுகதைகளில் ஆரம்பித்த வட்டத்தைப் பிள்ளைகளே ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி பக்கம் திருப்பிவிட்டார்கள். பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஒரே வேண்டுகோள்: கொலைகாரர் யார் என்று யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். சில பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

1926-இல் வந்த கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’யின் முடிவு நியாயமா என்று அந்தக் காலத்திலேயே இங்கிலாந்தில் பெரிய சண்டை நடந்தது. அதே சண்டை எங்கள் நூலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மறுபடி நடந்தது. பாதிப் பேர் “ஏமாத்திட்டாங்க மேம்” என்று கொதித்தார்கள். ஒரு பெண் மட்டும் எதுவும் பேசாமல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வந்தபோது அவளுடைய நோட்டில் பக்க எண்களாகவே இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு வரி. “எழுதினவங்க ஒரு இடத்துலகூட பொய் சொல்லல மேம். எல்லாமே அங்கேயே இருக்கு. நாமதான் அதைத் தாண்டிப் போயிட்டோம்” என்றாள். பிறகு அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். கொதித்தவர்கள் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை இவ்வளவு கூர்ந்து பிள்ளைகள் படித்து நான் பார்த்ததில்லை.

துப்பறியும் கதைக்கு ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் பத்து விதிகள் எழுதினார். அதை அவர்களிடம் சொன்னேன். துப்பறிபவருக்குத் தெரிந்த தடயம் வாசகருக்கும் தெரிய வேண்டும், உலகத்தில் இல்லாத விஷத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, முன்கூட்டியே சொல்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் போகும். இரட்டைப் பிறவி விதியைக் கேட்டதும், தமிழ் சினிமாவில் பாதிக்கு மேல் தேறாது என்று ஒரே சிரிப்பு. இப்போது எந்தக் கதை படித்தாலும் அந்த விதிகளை வைத்து விசாரணை நடக்கிறது.

ஒரு தாய் கவலையோடு வந்தார். மகள் எப்போதும் விஷத்தைப் பற்றியே பேசுகிறாள், பயமாக இருக்கிறது என்றார். விசாரித்தால் விஷயம் இதுதான். கிறிஸ்டியின் முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1920-இல் வந்தது. அதில் வரும் விஷம் ஸ்ட்ரிக்னைன். முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. அதனால் மருந்துகளைப் பற்றி அவர் எழுதியதில் பிழை பிடிப்பது கஷ்டம். அந்த நாவலைப் பாராட்டி மருந்தியல் இதழ் ஒன்றே விமர்சனம் வெளியிட்டது. இந்தப் பெண் அந்த விஷத்தைப் பற்றித் தேடிப் போய், ஸ்ட்ரிக்னைன் எடுப்பது நம் ஊர் எட்டி மரத்தின் விதையிலிருந்து என்று கண்டுபிடித்திருக்கிறாள். பாட்டி ஊரில் ஏரிக்கரையில் நிற்கிற மரம்! அன்றிலிருந்து அவளுக்கு வேதியியல் மேல் ஆசை வந்துவிட்டது. நோட்டை அம்மாவிடமே காட்டச் சொன்னேன். மூலக்கூறு படம் வரைந்து, இந்த விஷம் நரம்பை எப்படித் தாக்குகிறது என்று எழுதி வைத்திருந்தாள். அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, “பார்மசி படிக்கணும்னு சொல்லிட்டே இருக்கா, இதானா காரணம்” என்றார்.

ஆங்கில ஆசிரியை, கோயம்புத்தூர்

மேலே சொன்ன நோட்டுப் புத்தகப் பெண்ணைப் போல எனக்கும் ஒருத்தி கிடைத்தாள். ஆனால் அவள் சிக்கியது ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில். எமிலி பிராண்டி 1847-இல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டது. அவர் எழுதிய ஒரே நாவலும் அதுதான். மறு வருடமே 30 வயதில் இறந்துவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாகத்தான் இந்த நாவல் தெரியும். மழை, புல்வெளி, உருகும் இசை, உலகின் பெரிய காதல் கதை என்று ஒரு தலைப்பு. அதை நம்பி வாங்கிப் படித்தவள் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். “மிஸ், இதைப் போய் காதல் கதைன்னு போடுறாங்க. அந்தப் பொண்ணோட நாயைத் தூக்குல மாட்டினவன் மிஸ் அவன்!” கண் கலங்கியிருந்தது. நாவலின் நாயகன் ஹீத்கிளிஃப், இஸபெல்லா என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடும் இரவில் அவளுடைய நாயைக் கட்டித் தொங்கவிடும் இடம் அது.

அடுத்த பீரியடில் அவளையே பேசச் சொன்னேன். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். லிவர்பூல் தெருவில் அநாதையாகக் கிடந்த ஹீத்கிளிஃபை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், வளர்த்த பெரியவர் இறந்ததும் அவருடைய மகன் ஹிண்ட்லி அவன் படிப்பை நிறுத்தி வேலைக்காரனாக்கினான், அடித்தான், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டாள். முதல் பெண் விடவில்லை. “அடி வாங்கினவன் ஹிண்ட்லியைத் திருப்பி அடிக்கட்டும். இஸபெல்லா என்ன பண்ணினா? ஹிண்ட்லியோட பையன் என்ன பண்ணினான்? அவனையும் படிக்க விடாம அதே மாதிரிதானே ஆக்குறான்?” வகுப்பு இரண்டாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வராந்தாவில் தொடர்ந்தது. பதினேழு வயதில் அவமானம், பழி, சாதி, படிப்பு மறுக்கப்படுவது பற்றி இவ்வளவு நேராகப் பேச அவர்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? அந்த நாவல் இருண்டது என்பதால்தான் இந்தப் பேச்சு வந்தது. நல்லவர்களாலேயே நிரம்பிய கதையில் இது வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மாணவியின் பையிலிருந்து ‘டிராகுலா’ என்ற திகில் நாவலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வயதுக்கு ஏற்றதல்ல என்றார்கள். அதே மாதிரி திகில் நாவலான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்கே 18 வயதுதான். எழுதும் வயது அதுவென்றால் படிக்க எந்த வயது வர வேண்டும்?

பழைய புத்தகக் கடைக்காரர், திருவல்லிக்கேணி

சுருக்கமாகச் சொல்கிறேன். பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் கடை. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் பாக்கெட் நாவல்களை முன்பெல்லாம் ஆபீஸ் போகிறவர்கள் ரயிலில் படிக்க வாங்குவார்கள். இப்போது ஸ்கூல் பசங்க வந்து குத்த வைத்து உட்கார்ந்து கட்டைப் பிரிக்கிறார்கள். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ கைக்கு வந்தால் அன்றைக்கே போய்விடும். வக்கீல்கள் கணேஷ் விஞ்ஞானம் என்றும் வசந்த் பேய் என்றும் முட்டிக்கொள்ளும் கதை இல்லையா, படித்த இரண்டு பசங்க என் கடை முன்னாலேயே அதை வைத்து அடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கட்சி பேய், இன்னொருத்தன் கட்சி விஞ்ஞானம். என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் வசந்த் கட்சி.

கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் நாவலை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் விற்பதில்லை. அந்தப் பாவம் வேண்டாம்.

ஒரு தந்தை, மதுரை

என் மகன் பத்தாவது முடித்த கோடை விடுமுறையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ஏசிக்காகப் போகிறான் என்றுதான் வீட்டில் பேச்சு. அங்கே அவன் பிடித்தது ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. 1866-இல் வந்தது. தமிழில் மொழிபெயர்த்த எம்.ஏ. சுசீலா எங்கள் மதுரை பாத்திமா கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர்.

“ஜூலை மாசம், தாங்க முடியாத வெயில், அடைசலான ரூம், வாடகை பாக்கி. பீட்டர்ஸ்பர்க்னா பனின்னு நெனச்சேன்ப்பா, இது நம்ம ஊர் மாதிரியே இருக்கு” என்றான். முதல் பாகம் முடிந்த அன்று குழப்பத்தோடு வந்தான். “கொலை இங்கேயே முடிஞ்சிடுச்சு. செஞ்சவன் யாருன்னும் தெரிஞ்சிடுச்சு. இன்னும் அஞ்சு பாகம் இருக்கே, அதுல என்ன?”

படித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு இரவுச் சாப்பாட்டில் தினமும் அந்தக் கொலையைச் செய்த ரஸ்கோல்னிகோவின் வழக்குத்தான். அடகுக்கடைக் கிழவியைக் கொன்று அந்தப் பணத்தால் பல பேரைக் காப்பாற்றலாம் என்று ஒரு மாணவன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுவதை ரஸ்கோல்னிகோவ் கேட்பான். அந்த இடத்தைப் படித்தபோது என் மகனுக்கு அது சரியாகவே பட்டிருக்கிறது. அப்புறம் கிழவியின் தங்கை லிஸவேத்தா எதிர்பாராமல் வீட்டுக்குள் வருகிறாள், கிழவியைக் கொன்ற ரஸ்கோல்னிகோவ் அவளையும் கொன்றுவிடுகிறான். “அவன் போட்ட கணக்குல லிஸவேத்தா இல்லையேப்பா. அப்போ கணக்கே தப்புதானே?” தட்டில் கை காய்ந்துபோயிருந்தது. சில நாள் கழித்து, “எடுத்த பணத்தைக் கல்லுக்கு அடியில் போட்டுட்டு வந்துட்டான். எவ்வளவு இருக்குன்னுகூட எண்ணிப் பாக்கல. அப்ப எதுக்குக் கொன்னான்?” என்றான். அதற்கு என் மனைவி சொன்ன பதிலும் அவன் சொன்ன மறுப்பும் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை ஓடியது.

எழுதியவரைப் பற்றியும் தேடியிருக்கிறான். 1849-இல் கைதாகி, சுடப்படுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டு, கடைசி நிமிடத்தில் தண்டனை மாற்றப்பட்டு, சைபீரியாவில் ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருடம் கொலைக் குற்றவாளிகளோடு இருந்தவர். “அதான்ப்பா அவருக்கு அவங்க மேல கோவமே வரல” என்றான். இந்த வாக்கியத்தை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே ஒரு தாய் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் உறவினர்கள் போன் போட்டு, சின்னப் பையனுக்கு இப்படிப்பட்ட புத்தகமா என்றார்கள். வீட்டுக்கு வந்து அவனோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள் என்றேன். என் மச்சினர் மட்டும் வந்தார். துப்பறியும் அதிகாரி போர்ஃபிரி, கையில் ஒரு சாட்சியமும் இல்லாமல் வெறும் பேச்சாலேயே ரஸ்கோல்னிகோவை நெருக்கும் காட்சியை மகன் அவருக்கு நடித்தே காட்டினான். போகும்போது மச்சினர் புத்தகத்தைக் கேட்டார். நூலகப் புத்தகம் மாமா, தர முடியாது என்று சொல்லிவிட்டான். அதனால் அவருக்காக ஒரு பிரதி வாங்கியிருக்கிறோம். இவன் அடுத்து அதே எழுத்தாளரின் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ வேண்டும் என்கிறான்.